கொடைக்கானலில் எந்தச் சேனல், எத்தனை கிலோவாட்? பிரசார் பாரதிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைமைச் செயல் அலுவலர், பிரசார் பாரதி, புது தில்லி.
தலைமை இயக்குநர், தூர்தர்ஷன், புது தில்லி.

ஐயா, அம்மையீர்,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். புதுக் கோபுரம் வேண்டாம். புது சேனல் வேண்டாம். மானியமும் வேண்டாம். தமிழ்நாட்டில் உங்கள் தரைவழித் தொலைக்காட்சிக் கோபுரங்கள் எங்கெங்கே நிற்கின்றன, அவற்றில் இன்று எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது, ஓடுவது எந்த அதிர்வெண்ணில், எத்தனை கிலோவாட்டில், எந்தத் தொழில்நுட்பத்தில் ஓடுகிறது என்று ஒரே பட்டியலாகத் தமிழில் உங்கள் இணையதளத்தில் போடுங்கள். மாற்றம் வரும்போதெல்லாம் அதைத் திருத்துங்கள். ஒன்றை நிறுத்தப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அதில் எழுதுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

அலுவலகத்துக்குத் தனியாக ஒரு மனு போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். இது என் ஒருவனுக்கான பட்டியல் இல்லை. கன்னியாகுமரியிலிருந்து கோடியக்கரை வரை மாடியில் ஆண்டெனா வைத்திருப்பவர்களும், கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். நான் தூத்துக்குடிக்காரன். உங்கள் வரைபடத்தில் ஒளிபரப்பு எட்டும் என்று போட்ட வட்டம் முடியும் இடத்துக்கு வெளியே இருந்துகொண்டே படம் பிடிக்கிற கூட்டத்தில் ஒருவன்.

வட்டத்துக்கு வெளியே படம் எப்படி வரும் என்பதிலிருந்துதான் என் நியாயம் தொடங்குகிறது. அதற்குக் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. சென்னையிலிருந்து தூத்துக்குடி நேர்கோட்டிலேயே 500 கிலோமீட்டருக்கு மேல். ஆக, சென்னைக்காரர்கள் படம் பார்த்த காலத்தில் எங்களுக்குப் பெட்டி வாங்கவே காரணம் இல்லை. காரணம் இலங்கையிலிருந்து வந்தது. 1979 ஏப்ரலில் அங்கே ஐ.டி.என். என்ற தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 1982 பிப்ரவரி 15-இல் ஜப்பான் அரசின் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. அதன் கோபுரத்தை அவர்கள் வைத்த இடம் பிதுருதலாகலை. 2,524 மீட்டர், இலங்கையின் மிக உயர்ந்த மலை.

அதன் பிறகு தூத்துக்குடி, திருச்செந்தூர், நாகர்கோவில், ராமநாதபுரம் பக்கமெல்லாம் மாடிகளில் முப்பது நாற்பது அடி இரும்புக் குழாய்கள் எழுந்தன. உச்சியில் மீன்முள் மாதிரி அலுமினியக் கம்பிகள், அதன் அடியில் பூஸ்டர் டப்பா, எல்லாம் தென்கிழக்கைப் பார்த்தபடி. சிங்கள நாடகம், சிங்கள விளம்பரம், நடுவே தமிழ்ச் செய்தி, எப்போதாவது ஒரு தமிழ்ப் படம், கிரிக்கெட். மொழி புரியாமலேயே நாடகக் கதையைச் சொல்லிவிடும் பாட்டிகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அந்த மீன்முள் ஆண்டெனாவுக்கு யாகி என்று பெயர். 1926-இல் ஜப்பானில் உடா, யாகி என்ற இரண்டு ஆய்வாளர்கள் உருவாக்கியது. அனுப்பிய நிலையமும் ஜப்பான் உதவி, வாங்கிய ஆண்டெனாவும் ஜப்பான் மூளை. நடுவில் கடல் மட்டும்தான் நம்முடையது.

இந்தக் கடல்தான் கணக்கைப் பொய்யாக்குகிறது. வானலை செல்லும் தொடுவானத்துக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு, உங்கள் பொறியாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் வரும். பிதுருதலாகலைக்கு அது சுமார் 207. என் வீட்டுக் கம்பத்துக்கு, 10 மீட்டர் என்று வையுங்கள், சுமார் 13. இரண்டையும் கூட்டினால் 220. ஆனால் பிதுருதலாகலையிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ராமேஸ்வரம் கூட 300. சூத்திரப்படி எங்கள் ஊருக்கு ஒரு புள்ளிகூட வந்திருக்கக் கூடாது.

வந்தது. எல்லா நாளும் வராது, எல்லா நேரமும் வராது, ஆனால் வந்தது. பகல் முழுக்க நிலத்தின்மேல் காய்ந்து சூடேறிய காற்று கடலின்மேல் நகரும்போது, நீரை ஒட்டிய காற்று ஈரமாகவும் குளிர்ச்சியாகவும், அதற்கு மேலே உள்ளது உலர்ந்தும் சூடாகவும் இருக்கும். இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் மாட்டிய அலை மேலே தப்பிப் போகாமல் வளைந்து வளைந்து கடலை ஒட்டியே ஓடும். தொடுவானம் அதற்குத் தடையில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று அடங்கிய மாலையில் படம் பச்சென்று நிற்கும். காற்று கிளம்பி அடுக்குகளைக் கலக்கிவிட்டால் பெட்டி முழுக்கப் புள்ளி. மழைக்காலத்தில் பூஸ்டரை எவ்வளவு முறுக்கினாலும் ஒன்றும் நடக்காது. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. கடலைப் பார்த்து, இன்றைக்குப் படம் வரும் வராது என்று சொல்கிற மீனவர்கள் எங்களுக்கு இருந்தார்கள். விஞ்ஞான விளக்கம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

இதே விளையாட்டு எதிர்த் திசையிலும் நடந்தது. அதை உங்கள் கோப்புகள் எவ்வளவு பதிவு செய்திருக்கின்றனவோ. உங்கள் கோபுரம் நிற்கும் கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர். அதன் தொடுவானம் 190 கிலோமீட்டர் அளவில் முடிகிறது. யாழ்ப்பாணமோ அங்கிருந்து 280-க்கு மேல். அப்படியும் யாழ்ப்பாணத்துக் கூரைகளில் மேற்கைப் பார்த்த ஆண்டெனாக்கள் இருந்தன. தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமைப் பாட்டுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் அங்கே ஆள் கூடியது. மின்சாரமே இல்லாத 90-களில் வாகன பேட்டரியில் பெட்டியை ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், விலாவாரியாகச் சொல்வார்கள். 1990-இல் வட இலங்கையின் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் போரில் அழிந்தபின் வடக்கில் அவர்களுடைய சொந்த ஒளிபரப்பே நலிந்துபோனது. 174 மீட்டரில் புதுக் கோபுரம் அங்கே 2011-இல்தான் வந்தது.

பிறகு நீங்கள் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் கோபுரத்தைக் கட்டினீர்கள். இந்தியாவிலேயே உயரமான தொலைக்காட்சிக் கோபுரம். மறுபடியும் அதே சூத்திரம்: 323-க்கு 74 கிலோமீட்டர், யாழ்ப்பாணத்தில் 20 மீட்டர் கம்பத்துக்கு 18. கூட்டினால் 92. ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 88. மன்னார் அதைவிடப் பக்கம். அதாவது அந்த ஊர்கள் காற்றின் தயவு இல்லாமலேயே உங்கள் கோபுரத்தின் நேர்ப்பார்வைக்குள் வருகின்றன. நினைத்துக் கட்டினீர்களோ நினையாமல் கட்டினீர்களோ எனக்குத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் வானொலிப் பிரிவு இதைத் தெரிந்தே செய்கிறது. தூத்துக்குடி வானொலியின் 200 கிலோவாட் மத்திய அலை, 1053 கிலோஹெர்ட்ஸில், இலங்கை நேயர்களைக் கணக்கில் வைத்தே நடக்கிறது. வானொலிக்கு இருக்கும் அந்தக் கணக்கு தொலைக்காட்சிக்கு மட்டும் ஏன் மாவட்ட எல்லையோடு நிற்க வேண்டும்?

பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியதற்காகச் சண்டை போட இதை எழுதவில்லை. உத்திரீதியாக முக்கியமான ஏறத்தாழ 50 இடங்களைத் தவிர மற்ற அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச் 31-க்குள் மூடப்போவதாக 2021-இல் அறிவித்தீர்கள். ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் அளவுக்குச் செலவு மிச்சம் என்றும் சொன்னீர்கள். சரியான முடிவுதான். உதிரி பாகம் கிடைக்காத இயந்திரத்துக்கு மின்கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. உங்கள் இலவசச் செயற்கைக்கோள் சேவையான டி.டி. ஃப்ரீ டிஷ் வந்தபின் பெரும்பாலான வீடுகளுக்கு அந்த இழப்பு தெரியவும் இல்லை. பழைய புள்ளிப் படத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் ஏங்கட்டும், நான் அந்த வரிசையில் நிற்கவில்லை.

எனக்குக் கவலை டிஜிட்டல் பற்றி. 2016 பிப்ரவரி 25-இல் 16 நகரங்களில் டி.வி.பி.-டி2 முறையில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கினீர்கள், அதில் சென்னையும் ஒன்று. டிஜிட்டலில் பாதிப் படம் என்று ஒன்று கிடையாது. அனலாக் காலத்தில் சிக்னல் மங்கினால் படம் மங்கும், ஆனாலும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கம்பத்தை இம்மி இம்மியாகத் திருப்பலாம், மாடியிலிருந்து ‘இப்போ?’ என்று கத்தலாம், கீழேயிருந்து பதில் வரும். டிஜிட்டலில் சிக்னல் போதாவிட்டால் திரை கறுப்பு. ஆண்டெனா திசை தவறியதா, கோபுரமே ஓடவில்லையா, நம் பெட்டிக்கு அந்த முறை புரியவில்லையா, எதுவும் தெரியாது. மூன்றுக்கும் ஒரே கறுப்பு.

தொலைவிலிருந்து பிடிப்பவனுக்கு இந்த இடத்தில்தான் பட்டியல் தேவைப்படுகிறது. பெட்டியைத் தானாகத் தேடவிட்டால் அது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் அலை தாழ்ந்திருந்தால் ஒன்றுமில்லை என்று தாண்டிப் போய்விடும். அதிர்வெண் தெரிந்திருந்தால் அதைக் கையால் பதிந்து, சிக்னல் அளவுகோலைத் திரையில் வைத்துக்கொண்டு, திசையை நிதானமாகத் திருப்பலாம். கோபுரம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் திசைகாட்டி வைத்துக் கம்பத்தை நேராகவே நிறுத்தலாம். எந்த அலைவரிசை என்று தெரிந்தால் எந்த ஆண்டெனா வாங்குவது என்று தெரியும். வி.எச்.எஃப். என்ற தாழ்ந்த அதிர்வெண்ணுக்கான பழைய ஆண்டெனாவில் ஒவ்வொரு கம்பியும் முக்கால் மீட்டர் வரும், யு.எச்.எஃப். என்ற உயர்ந்த அதிர்வெண்ணுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அப்பா வைத்த ஆண்டெனா மாடியில் இன்னும் நிற்கிறது, அதிலேயே டிஜிட்டல் வருமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? உங்கள் கோபுரம் எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது.

நீங்கள் சொல்லாத இடத்தைக் கடைக்காரர் நிரப்புகிறார். 500 கிலோமீட்டர் ரேஞ்ச் என்று பெட்டியில் அச்சடித்த ஆண்டெனாக்கள் சந்தையில் கிடைக்கின்றன. அதை வாங்கிவந்து என்னிடம் காட்டியவர்களுக்கு மேலே சொன்ன சூத்திரத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டியிருக்கிறேன். 10 மீட்டர் கம்பத்திலிருந்து 500 கிலோமீட்டர் நேர்ப்பார்வையாகத் தெரிய வேண்டுமானால், எதிரே நிற்கும் கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எவரெஸ்ட் 8,849 மீட்டர்தான். சிரிப்பார்கள், ஆனால் காசு போனது போனதுதான். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட அரசு முத்திரையோடு ஒரு தாள் இருந்தால், இந்தக் கோபுரம், இந்தத் திறன், உங்கள் ஊர் இத்தனை கிலோமீட்டர், இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்று உங்கள் திட்டப் பிரிவுக்கு. அனலாக் காலத்தில் இரண்டு கரையும் ‘பால்’ (PAL) என்ற ஒரே வண்ணத் தொலைக்காட்சி முறையில் இருந்தன. இங்கே வாங்கிய பெட்டி அங்கே ஓடும், அங்கே வாங்கியது இங்கே ஓடும். டிஜிட்டலுக்கு நீங்கள் ஐரோப்பிய வழியான டி.வி.பி.-டி2-ஐ எடுத்தீர்கள். இலங்கை 2014-இல் ஜப்பானின் ஐ.எஸ்.டி.பி.-டி முறையைத் தேர்ந்தது. இனி அலை கடலைத் தாண்டி வந்தாலும், வந்து சேர்ந்த வீட்டுப் பெட்டிக்கு அது புரியாது. யாரும் திட்டமிட்டு வைத்த சுவர் இல்லை இது, ஆனால் சுவர்தான். இதற்கிடையே ஐ.ஐ.டி. கான்பூரோடு சேர்ந்து, கைபேசிக்கு நேரடியாக ஒளிபரப்பும் இன்னொரு முறையையும் சோதிக்கிறீர்கள். அது உங்கள் கோபுரங்களிலிருந்துதான் வர வேண்டும். டி2, கைபேசி முறை, இந்த இரண்டில் தென்கடற்கரைக்கு எது வரப்போகிறது? டி2 பெட்டி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குமுன் ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அது. இந்தியா, இலங்கை இரண்டின் முறையையும் படிக்கும் பெட்டி செய்ய முடியாத காரியம் இல்லை. அப்படி ஒன்று தேவைப்படும் ஆட்கள் பாக் நீரிணையின் இரு கரையிலும் இருக்கிறார்கள் என்று யாராவது எழுதிவைத்தால்தான் யாராவது செய்வார்கள்.

பொழுதுபோக்குக்காகக் கம்பி கட்டுகிறவர்களுக்கு அரசு ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்கும் அதிகாரி ஒருவராவது இருப்பார். அவருக்கு 2023 டிசம்பரை நினைவூட்டுகிறேன். 17-ஆம் தேதி தொடங்கிய மழை 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர்கள் துண்டிக்கப்பட்டன. பயணிகளோடு ரயிலே வெள்ளத்தில் நின்றது. மின்சாரம் போனது, கைபேசிக் கோபுரங்கள் அணைந்தன, கேபிள் அறுந்தது. டிஷ் இருந்த வீடுகளுக்கு பேட்டரி இருந்தாலும் அந்த மழையில் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. ஃப்ரீ டிஷ் வரும் ‘கு பேண்ட்’ (Ku) என்ற அலைவரிசையில் அலைநீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு, கனமழை அதை வழியிலேயே தின்றுவிடும். யு.எச்.எஃப்.-இல் அலைநீளம் அறுபது சென்டிமீட்டர் அளவு. மழைத்துளி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கொடைக்கானல் எங்களிடமிருந்து சுமார் 180 கிலோமீட்டர், தொடுவானத்துக்கு உள்ளேதான். வெள்ளம் அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. அங்கே ஒரு ஜெனரேட்டரும் இங்கே ஒரு பேட்டரியும் ஓர் ஆண்டெனாவும் இருந்தால் ஊருக்குச் செய்தி வந்துசேரும். அந்த ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பி எந்த எண்ணில் வைப்பது என்பதை மழைக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போனபின் இணையதளத்தில் தேட முடியாது.

2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோதும் இதே நிலைதான். நாள்கணக்கில் மின்கம்பங்கள் தரையில் கிடந்தன. விரிக்க வேண்டியதில்லை, உங்கள் செய்தியாளர்களே அங்கே இருந்தார்கள்.

வேறு நாடுகளில் இது புதுமையே இல்லை. ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளான அமெரிக்காவின் எஃப்.சி.சி., பிரிட்டனின் ஆஃப்காம் இரண்டும் தொலைக்காட்சிக் கோபுரங்களின் இடம், அதிர்வெண், திறன் எல்லாவற்றையும் பொதுமக்கள் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. நம்மிடமும் தகவல் இல்லாமல் இல்லை. ஆண்டறிக்கையில் கொஞ்சம், நாடாளுமன்றப் பதிலில் கொஞ்சம், பழைய செய்திக்குறிப்பில் கொஞ்சம் என்று பொறுக்கியெடுக்கலாம். ஆறுமுகநேரியில் உப்பளத்தில் வேலை செய்கிறவர் நாடாளுமன்றப் பதிலைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். பட்டியலில் சேர்க்க இன்னும் இரண்டு செய்தி சொல்கிறேன்: அலை கிடையாக அதிர்கிறதா செங்குத்தாக அதிர்கிறதா (ஆண்டெனாக் கம்பியையும் அப்படித்தான் வைக்க வேண்டும்), கோபுரம் எந்தெந்தத் திசையில் திறனைக் குறைத்து வீசுகிறது. உங்களுக்கு இரண்டு கட்டம் கூடுதல், எங்களுக்கு ஒரு நாள் மாடி வேலை மிச்சம்.

ரகசியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோபுரம் கடலில் போகும் படகிலிருந்தே தெரிகிறது, அதன் அதிர்வெண்ணை அளக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக, பட்டியலோடு சேர்த்துச் செய்யக்கூடிய ஒன்று. ஆகாசவாணிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தொலைவிலிருந்து ஒலிபரப்பைக் கேட்ட நேயர் நாள், நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி, ஒலியின் தரம் எல்லாம் எழுதி அனுப்பினால், சரிபார்த்து ஏற்பு அட்டை அனுப்புவார்கள். கியூ.எஸ்.எல். அட்டை என்று வானொலி நேயர்கள் அதைச் சேர்த்துவைப்பார்கள், தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. தொலைக்காட்சிக்கும் அதைத் தொடங்குங்கள். அட்டை அடிக்கக் காசில்லை என்றால் மின்னஞ்சலில் ஒரு வரி போதும். அதனால் உங்களுக்கும் லாபம்: எந்த மாதத்தில், எந்தக் காற்றில், உங்கள் அலை எங்கே போய்ச் சேர்கிறது, எங்கே இலங்கை நிலையத்தோடு மோதுகிறது என்ற விவரம் செலவில்லாமல் வந்து குவியும். அலை கடலைத் தாண்டுகிறது என்றால் இடையூறும் தாண்டும். இரு நாட்டு அதிர்வெண் அதிகாரிகள் மேசையில் உட்காரும்போது, கணினி வரைந்த வட்டத்தோடு கூட மாடியில் நின்று பார்த்தவர்களின் குறிப்பும் கையில் இருப்பது நல்லது.

பட்டியலை எந்த வடிவத்தில் போட்டாலும் சரி, எழுத்துரு உடையாமல் இருந்தால் போதும். வெளியான அன்றே அதை அச்சடித்து இங்கே ஆண்டெனா விற்கும் கடைகளிலும் மீன்பிடித் துறைமுகத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுவது எங்கள் பொறுப்பு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கோபுரத்தையும் தூத்துக்குடியிலிருந்து முயன்று பார்த்து, கிடைத்ததையும் கிடைக்காததையும் தேதி போட்டு உங்களுக்கு எழுதுகிறேன். கச்சான் அடங்கும் மாதங்களில் முதல் அறிக்கை வரும்.

இங்ஙனம்,
தூத்துக்குடியிலிருந்து ஓர் ஆண்டெனாக்காரன்